தறிக்குடோனுக்குப் போகும் தினச்சீட்டு

சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்குக் காடா என்ற வெளுக்காத துணி நெய்யும் விசைத்தறி வீடுகளில், காலை ஷிப்ட் தொடங்குவதற்குள், தறிகள் ஓடும் கொட்டகையான குடோனுக்கு ஒரு தாள் போய்ச் சேர வேண்டும். எந்தத் தறியில் எந்தப் பாவு (துணிக்கு நீளவாக்கில் ஓடும் நூல்) ஓடுகிறது, அதை ஓட்டுபவர் யார், அந்தப் பாவில் இதுவரை அறுத்த துணி எத்தனை மீட்டர், தறி நின்றால் எந்த நேரத்தில் எதனால் நின்றது என்பவற்றுக்கெல்லாம் அந்தத் தாளில் கட்டங்கள் இருக்கும். முதல் மூன்று கட்டங்களும் நிரப்பப்பட்டுப் போகும். மீதியைத் தறி ஓட்டுபவர்கள் பேனாவால் எழுதுவார்கள். அறுத்த மீட்டர் தெரிந்தால்தான் பாவு எப்போது தீரும், பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுத் தரும் சைசிங் மில்லுக்கு எப்போது சொல்லிவைக்க வேண்டும் என்று கணக்கிட முடியும் என்பதால், எங்கள் மாமனார் காலையில் காப்பிக்கு முன்பே இந்தச் சீட்டைத்தான் கேட்பார். கைப்பேசியிலேயே பதியலாமே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சும் படிந்த கையோடு, தறிச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு தொடுதிரையில் எழுதிப் பார்த்தவர்கள் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள். தாள் அங்கே இருந்தே ஆக வேண்டிய பொருள்.

அந்தத் தாளை வீட்டுக் கணினியில் தயாரித்து அச்சிடும் வேலை என்னிடம் இருந்தது. முந்தைய நாள் கோப்பைத் திறப்பது, தேதியையும் கிழமையையும் மாற்றுவது, நேற்றைய மீட்டர்களைக் கூட்டி எழுதுவது, அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுப்பது, தாளை எடுத்துக் குடோனுக்குக் கொடுத்தனுப்புவது என்று எல்லாமே சிறு சிறு வேலைகள்தாம். ஆனால் கோவைக்கு வேலைக்குப் போகிறவளுக்குப் பேருந்து நேரத்தோடு மோதுகிற சிறு வேலை சிறு வேலையாக இருப்பதில்லை. ஆகவே கணினியே இதைச் செய்யும்படி ஓர் ஏற்பாடு செய்தேன். இதில் நான் கண்டுகொண்டது, அச்சிடு என்று கணினிக்குச் சொல்லும் கட்டளை ஒற்றை வரிதான் என்பதும், எப்போது அச்சிட வேண்டும், எப்போது அச்சிடக் கூடாது என்று சொல்வதில்தான் முழு வேலையும் இருக்கிறது என்பதுமே.

விண்டோஸ் கணினிகளில் இத்தகைய வேலைகளுக்கென்றே டாஸ்க் ஷெட்யூலர் என்ற நிரல் உடன் வருகிறது. அதைத் திறந்தவுடன் எவருக்கும் முதலில் தோன்றுவது, தினமும் காலை ஆறரை மணி என்று நேரம் குறித்துவிடலாம் என்பதே. எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராது. இரவில் கணினியை நிறுத்திச் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிடுவது எங்கள் வழக்கம். உறக்கத்திலுள்ள கணினியைக் குறித்த நேரத்தில் எழுப்பும் வசதி ஷெட்யூலரில் உண்டு. சுவிட்சே அணைந்திருக்கும் கணினியை அது எழுப்பாது. இன்னொன்று, மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காகப் பகல் பொழுதில் மின்சாரம் நிற்கும்; சித்திரை வைகாசியில் இடி மழை வந்தால் நேரம் காலம் இல்லாமல் போகும். எனவே கடிகாரத்தை விட்டுவிட்டு, பயனர் உள்நுழையும்போது என்ற தூண்டலைத் தேர்ந்தெடுத்தேன். காலையில் யார் கணினியைப் போட்டு உள்ளே நுழைந்தாலும், ஒரு நிமிடம் கழித்துச் சீட்டு அச்சாகிவிடும். அந்த ஒரு நிமிட இடைவெளியையும் ஷெட்யூலரிலேயே குறிக்கலாம். அச்சுப்பொறி விழித்துக்கொள்ளவும், பின்னணிச் சேவைகள் எழுந்து நிற்கவும் அது வேண்டும். இந்த முறையில் எதிர்பாராத ஒரு பொருத்தமும் இருந்தது. மின்சாரம் இல்லாத வேளையில் கணினி ஓடாது, தறியும் ஓடாது, சீட்டுக்கும் தேவை இருக்காது. மின்சாரம் திரும்பி வரும்போது மூன்றும் ஒன்றாகவே எழுகின்றன.

மின்சாரம் வந்தவுடன் கணினி தானாகவே இயங்கத் தொடங்கும்படி, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் மாற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அந்த வசதி இருக்கிறது. ஆடிக் காற்றில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில், ஒவ்வொரு முறையும் கணினி எழுந்து விழுவதை நான் விரும்பவில்லை. காலையில் ஒருவர் பொத்தானை அழுத்தட்டும்; அதில் குறைவு ஒன்றும் இல்லை.

உள்நுழைவைத் தூண்டலாக வைத்தால் உடனே அடுத்த கேள்வி வரும்: பிற்பகலில் குழந்தைகள் பாடத்துக்காகக் கணினியை மறுபடி போட்டால் மறுபடியும் சீட்டு வருமே? இதற்காக, விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் எழுதிய சிறு நிரல் முதலில் இன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட பிடிஎஃப் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பேசாமல் விலகிவிடும். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருப்பது நல்லது. அப்போதுதான் கோப்புறையில் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். பழைய பேட்ச் கட்டளைக் கோப்புகளில் தேதியை எடுக்கும் முறை அந்தந்தக் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து மாறும் என்பதால், ஜூன் 7 ஜூலை 6 ஆகிவிடக் கூடும். பவர்ஷெல்லில் வடிவத்தை நாமே சொல்லலாம். அங்கும் பெரிய எம் என்றால் மாதம், சிறிய எம் என்றால் நிமிடம் என்பதை மறந்துவிடக் கூடாது. மாதத்தின் இடத்தில் நிமிடம் வந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் கோப்பின் பெயர் மாறி, ஏற்கெனவே அச்சாகிவிட்டதா என்ற சோதனையே பொருளற்றுப் போகும். பிடிஎஃப் ஆகச் சேமிப்பதில் வேறொரு பயனும் உண்டு. கணக்குத் தாளில் இன்றைய தேதியைக் காட்டும் சூத்திரத்தை வைத்து அச்சிட்டால், அடுத்த வாரம் அதே கோப்பைத் திறக்கும்போது அது அன்றைய தேதியைக் காட்டும். பிடிஎஃப் அச்சிட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். கூலிக் கணக்கில் பேச்சு வரும் நாளில் இந்த வேறுபாடு முக்கியமானது.

தமிழில் சீட்டு வேண்டும் என்று முடிவு செய்தவர்கள்தாம் இதற்கடுத்த பகுதியில் அதிகம் பாடுபட நேரும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை. எங்கள் கணக்கு எக்செல்லில் இருக்கிறது. அதைச் சிஎஸ்வி என்ற, காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைக்கோப்பாகச் சேமித்தால்தான் நிரலால் எளிதாகப் படிக்க முடியும். சேமிக்கும் பட்டியலில் வெறும் சிஎஸ்வி என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிடும். சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக இருப்பதையே எடுக்க வேண்டும். அடுத்தது நிரல் கோப்பு. விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1, தொடக்கத்தில் பிஓஎம் என்ற அடையாளக் குறி இல்லாத கோப்பைப் பழைய ஆன்சி முறையில்தான் படிக்கும். நிரலுக்குள் திங்கள், செவ்வாய் என்று தமிழில் எழுதியிருந்தால் அவை குப்பை எழுத்துகளாக வெளிவரும். நோட்பேடில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 பிஓஎம் உடன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. பவர்ஷெல் 7 பயன்படுத்துவோருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது படிதான் உண்மையில் கடினமானது. எழுத்துகள் சரியாக வந்து சேர்ந்தாலும், அவற்றைத் தாளில் சேர்த்து வரையும் கலை எல்லா மென்பொருளுக்கும் தெரிவதில்லை. ஒருங்குறியில் கோ என்ற எழுத்து, க என்ற எழுத்துக்குப் பின்னால் ஓகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. வரையும்போது இரட்டைக்கொம்பைக் க-வுக்கு முன்னாலும் காலை அதற்குப் பின்னாலும் வைக்க வேண்டியது வரையும் மென்பொருளின் பொறுப்பு. பிடிஎஃப் தயாரிக்க நம் நிரலோடு சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகளான எளிய நிரலகங்கள் பல இதைச் செய்யாமல், கொம்பையும் காலையும் சேர்த்து எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். அப்படியொரு நிரலகத்தில் செய்து பார்த்த மாதிரித் தாளைப் பார்த்துவிட்டு, தறி ஓட்டும் கோமதி, “அக்கா, எம்பேரு உடைஞ்சு போய் வந்திருக்குதுங்க” என்றாள். ஆகவே நேரடியாகப் பிடிஎஃப் எழுதுவதை விட்டுவிட்டு, சீட்டை ஹெச்டிஎம்எல் என்ற வலைப்பக்க வடிவில் எழுதச் செய்து, அதைப் பிடிஎஃப் ஆக்கும் வேலையை எட்ஜ் உலாவியிடம் ஒப்படைத்தேன். குரோம், எட்ஜ் இரண்டிலுமே சாளரம் திறக்காமல் பின்னணியில் இயங்கும் ஹெட்லெஸ் முறை உண்டு. அந்த முறையில் ஒரு பக்கத்தைக் கொடுத்தால் பிடிஎஃப் கோப்பாகத் திருப்பித் தரும். உலாவி தமிழைச் சரியாகவே வரையும், ஏனென்றால் தினமும் நாம் அதில்தான் தமிழ் படிக்கிறோம். எழுத்துருவாக விண்டோஸிலேயே இருக்கும் நிர்மலா யுஐ போதும். கட்டங்களுக்குள் நெருக்கமாக எழுத வேண்டியிருந்தால் நோட்டோ சான்ஸ் தமிழும் நன்றாக இருக்கிறது. எழுத்தின் அளவைச் சற்றுப் பெரிதாகவே வையுங்கள். குடோனில் வெளிச்சம் தறிமேல் விழுமாறு அமைந்திருக்கும், தாள்மேல் அல்ல.

உலாவி தயாரிக்கும் பிடிஎஃப் கோப்பின் தலையில் தேதியும் காலில் கோப்பின் முகவரியும் தாமாக வந்து உட்காரும். அவற்றை நீக்க ஒரு தனி விருப்பக் குறி உண்டு. அதைச் சேர்க்காவிட்டால் எங்கள் வீட்டுக் கோப்புறையின் பெயர் ஊரெல்லாம் போகும். பக்கத்தின் அளவு ஏ4 என்று ஹெச்டிஎம்எல் பக்கத்திலேயே எழுதிவிடுவதும் அவசியம். அமெரிக்க வழக்கமான லெட்டர் அளவு 216க்கு 279 மில்லிமீட்டர், நம்முடைய ஏ4 210க்கு 297. எங்கேயோ ஓரிடத்தில் லெட்டர் என்று இருந்துவிட்டால், சில அச்சுப்பொறிகள் அந்தத் தாளை வை என்று கேட்டு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். வீட்டில் உள்ளவர்களுக்குப் பொறி கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும்.

தயாரான பிடிஎஃப் கோப்பை அச்சுப்பொறிக்கு அனுப்ப, சுமத்ரா பிடிஎஃப் என்ற இலவசத் திறமூல வாசிப்பானைப் பயன்படுத்துகிறேன். அச்சுப்பொறியின் பெயரைச் சொல்லி, சத்தம் காட்டாமல் அச்சிட்டுவிட்டு மூடிக்கொள்ளும்படி ஒரே வரியில் அதற்குக் கட்டளை தரலாம். வேறு சில வாசிப்பான்கள் அச்சிட்ட பிறகும் சாளரத்தை மூடாமல் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். அச்சுப்பொறியின் பெயரை வெளிப்படையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10 தொடங்கி, கடைசியாகப் பயன்படுத்திய அச்சுப்பொறியையே இயல்பான அச்சுப்பொறியாக விண்டோஸ் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பு ஒன்று வந்தது. முந்தைய நாள் இரவு யாராவது ஒரு ரசீதைப் பிடிஎஃப் ஆகச் சேமித்திருந்தால், மறுநாள் இயல்பான அச்சுப்பொறியாக அந்தப் பிடிஎஃப் பொறி நின்றிருக்கும். கோப்புக்கு என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டு வேலை அங்கேயே முடங்கிவிடும். அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள், பெயரையும் சொல்லுங்கள். இரண்டையும் செய்வதில் நட்டமில்லை.

ஷெட்யூலரில் பார்த்துச் செய்ய வேண்டியவை சில உண்டு. மடிக்கணினியாக இருந்தால், மின்னிணைப்பு இருக்கும்போது மட்டும் இயக்கு என்ற நிபந்தனை இயல்பாகவே தேர்வாகியிருக்கும். தேவையில்லையென்றால் எடுத்துவிட வேண்டும். பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இயக்கு என்ற விருப்பம் வலிமையானதாகத் தோன்றும். ஆனால் அப்படி இயங்கும் வேலை நாம் காணும் திரையில் ஓடாமல், கண்ணுக்குத் தெரியாத தனி அமர்வில் ஓடும்; பயனருக்கென்று இணைத்த வலையமைப்பு அச்சுப்பொறிகள் அங்கே தெரியாமல் போகலாம். வீட்டுக் கணினிக்கு, உள்நுழைந்திருக்கும்போது மட்டும் என்பதே ஏற்றது. தொடங்கும் கோப்புறை என்ற பெட்டியை வெறுமையாக விட்டால் நிரல் விண்டோஸின் கணினிக் கோப்புறையிலிருந்து தொடங்கும். அதனால் கோப்புகளின் முழுப் பாதையையும் எழுதிவிடுவது பாதுகாப்பானது. கடைசி ஓட்டத்தின் விளைவு என்ற பத்தியில் பூஜ்யம் என்று இருந்தால் எல்லாம் நலம் என்று நம்பிவிட வேண்டாம். நிரல் பிழையின்றி முடிந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. தாள் வெளியே வந்ததா என்பது அதற்குத் தெரியாது.

தாள் வெளியே வராத நாள்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். அச்சுப்பொறி அணைந்திருந்தால், அனுப்பிய வேலை வரிசையில் காத்திருக்கும். இரண்டு நாள் கழித்துப் பொறியைப் போடும்போது மூன்று நாள் சீட்டும் சேர்ந்து வரும். அவற்றுள் எது இன்றைக்குரியது என்று பார்க்காமல் மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு போனால், அன்றைய கணக்கெல்லாம் பழைய தேதியில் ஏறும். எனவே புதிய சீட்டை அனுப்புவதற்கு முன்பு, வரிசையில் தேங்கிக் கிடக்கும் தினச்சீட்டு என்ற பெயருடைய வேலைகளை மட்டும் நிரல் நீக்கிவிடும். பவர்ஷெல்லில் வரிசையைப் பட்டியலிடவும் அதிலிருந்து நீக்கவும் ஆயத்தக் கட்டளைகள் இருக்கின்றன. எல்லா வேலைகளையும் துடைத்துவிடுவது எளிது. குழந்தையின் பள்ளிக்கூடத் தாளும் அதோடு போய்விடும் என்பதால் பெயரைப் பார்த்து நீக்குவதே முறை. தாள் தீர்ந்து போனாலோ சிக்கிக்கொண்டாலோ மறுபடி எடுப்பதற்கு, இன்றைய பிடிஎஃப் கோப்பை மட்டும் மீண்டும் அனுப்பும் குறுக்குவழி ஒன்றைத் திரையில் வைத்திருக்கிறேன். மாமாவுக்கு அது தெரியும். “அம்மிணி, நீ கெளம்பு, நான் அமுக்கிக்கறேன்” என்று சொல்லிவிடுவார்.

அச்சிடக் கூடாத நாள்களும் உண்டு. வார விடுமுறையை நிரலில் கிழமையாக எழுதிவிடலாம். தீபாவளியையும் பொங்கலையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துவிடலாம். ஆனால் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா) எந்த நாட்காட்டியிலும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, நோம்பியைத் தொடங்கும் பூச்சாட்டு என்றைக்கு என்று முடிவு செய்த பிறகுதான் குடோன் எந்த நாளில் நிற்கும் என்று தெரியும். எத்தனை திறமையாக நிரல் எழுதினாலும் இதைக் கணித்துவிட முடியாது. ஆகவே விடுமுறை என்ற பெயரில் ஒரு சாதாரண உரைக்கோப்பு வைத்தேன். அதில் ஒரு வரிக்கு ஒரு தேதி. நிரல் ஒவ்வொரு நாளும் முதலில் அதைப் படித்து, இன்றைய தேதி அதில் இருந்தால் நின்றுவிடும். சைசிங் மில்லில் பாவு வராமல் தறிகள் நிற்கும் நாள்களையும் அதிலேயே எழுதிவிடுகிறோம். இந்த ஏற்பாடு முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி எது என்று கேட்டால், நிரலே அல்லாத இந்த உரைக்கோப்பைத்தான் சொல்வேன்.

அச்சுப்பொறியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மைத்தொட்டி வைத்த இங்க்ஜெட் பொறிகள் இப்போது மலிவு. தினமும் ஒரு தாளாவது ஓடினால் அவற்றின் நுண்துளைகள் காயாமல் இருக்கும் என்பதால், தினசரி அச்சுக்கு அவை பொருத்தமானவையே. ஆனால் அவற்றில் பலவற்றின் வண்ண மை ஈரம் பட்டால் கலையும். வியர்வைக் கையிலும் தண்ணீர்ச் சொம்புப் பக்கத்திலும் கிடக்கும் தாளுக்கு லேசர் பொறியே உகந்தது. டோனர் பொடி சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிவிடுகிறது. அந்தச் சூட்டுக்காகவே லேசர் பொறி சூடேறும் கணங்களில் பல நூறு வாட் இழுக்கும். வீட்டு யுபிஎஸ்ஸில் அதை மாட்டக் கூடாது. கணினி யுபிஎஸ்ஸிலும் அச்சுப்பொறி நேரடி இணைப்பிலும் இருக்கட்டும். குடோனை ஒட்டிய வீடுகளில் வேறொரு தொல்லை பஞ்சுத் தூசி. தாளைப் பிடித்திழுக்கும் ரப்பர் உருளையில் அது படிந்தால், தாள் இருந்தும் தாள் இல்லை என்று பொறி சொல்லும். பொறியை அணைத்துவிட்டு, உருளையை ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாளுக்கு நாம் வெளியூர் தேட வேண்டியதில்லை. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலை கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் இருக்கிறது, ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையத்தில் இன்னொன்று. மழைக்காலத்தில் மட்டும் கட்டைப் பிரித்தபடி வைக்காமல் உறைக்குள்ளேயே வையுங்கள். ஈரம் ஏறிய தாள் சுருண்டு சிக்கும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வழி சற்று எளிது. அச்சிடும் பொறுப்பைக் கப்ஸ் என்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. பிடிஎஃப் கோப்பை எல்பி என்ற கட்டளையால் நேராக அனுப்பலாம். நேரம் குறித்து வேலைகளை இயக்கும் கிரான், குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அந்த வேலையை விட்டுவிடும். அனாகிரான் அல்லது விடுபட்டதை நினைவில் வைக்கும் சிஸ்டம்டி டைமர் கணினி எழுந்ததும் செய்துவிடும். தமிழ் உரைக்கோப்பை நேரடியாக எல்பிக்குக் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன கொம்பு விவகாரம் அங்கேயும் காத்திருக்கிறது.

தானியங்கியாக்காமல் வேண்டுமென்றே விட்ட வேலையும் ஒன்று உண்டு. மாலையில் குடோனிலிருந்து வரும் சீட்டைப் பார்த்து அறுத்த மீட்டரைக் கணக்கில் ஏற்றுவது இன்னும் கையால்தான் நடக்கிறது. சீட்டைப் படம் பிடித்து எழுத்தைப் படிக்கச் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அவசரத்தில் எழுதிய ஒன்றையும் ஏழையும் பிரித்தறிய, எழுதியவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஏற்ற மறந்த நாளில் மறுநாள் சீட்டில் பழைய எண் வராமல், பதியவில்லை என்று அச்சாகும்படி செய்திருக்கிறேன். பழைய எண்ணை நம்பிப் பாவுக்குச் சொல்லிவிட்டால் கூலியில்தான் இடிக்கும். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் யாராவது கேட்டுவிடுவார்கள்.

இப்போது இரவு ஷிப்டுக்கும் தனித் தாள் வேண்டும் என்று மாமா கேட்கிறார். அதற்கு உள்நுழைவுத் தூண்டல் உதவாது, மாலையில் கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் கடிகாரத்துக்கே போகிறேன்: மாலை ஏழு மணி, கூடவே விடுபட்ட வேலையைக் கூடிய விரைவில் இயக்கு என்ற கட்டத்தில் ஒரு குறி. அந்தக் கட்டம் இயல்பாக வெறுமையாகவே இருக்கும். கோப்பின் பெயரில் தேதிக்குப் பின்னால் இரவு என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால், மற்ற எல்லாம் அதே நிரலே பார்த்துக்கொள்ளும்.